கைக்குழந்தைக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். முதல் குழந்தை, பெண், இரண்டரை மாதம். பேறுகால விடுப்பு முடிந்ததும் நான் பட்டணத்தில் இருக்கும் தொழிற்சாலை வேலைக்குத் திரும்ப வேண்டும். மாமியார்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. கணவர் தோட்டத்தில் மருந்தடிக்கிறார். மாமனாரின் பழைய கன்சில் கார் இருக்கிறது, மற்றபடி மோட்டார் சைக்கிள்தான். பிள்ளைச் சாமான்களுக்கு 400 வெள்ளி ஒதுக்கியிருக்கிறோம். இணையக் கடையான ஷாப்பியைத் திறந்தால் எல்லாமே தேவை போலத் தெரிகிறது. ஈப்போவில் இருக்கும் நாத்தனார் வாக்கரும் பழைய துணிகளும் தருகிறேன் என்கிறார். பிள்ளை ஸ்பிரிங் தொட்டிலில்தான் தூங்குகிறாள். எதை வாங்குவது? இவ்வளவு சின்னப் பிள்ளையோடு என்ன விளையாடுவது?

பதில்: 98 நாள் விடுப்பில் உங்களுக்கு மிச்சமிருப்பது சில வாரங்கள்தான். அதனால் முதலில் காசு விஷயத்தைப் பேசி முடித்துவிடுவோம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பல வருடம் பார்த்த தாதி என்ற முறையில் சொல்கிறேன்: முதல் வருடத்தில் பிள்ளைக்கு வேண்டியது பாதுகாப்பாகத் தூங்க ஓர் இடம், காரில் பாதுகாப்பாக உட்கார ஓர் இருக்கை, புரள்வதற்குக் கொஞ்சம் தரை. இந்த மூன்றுக்கும் செலவழியுங்கள். விளையாட்டுச் சாமானெல்லாம் உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது.

400 வெள்ளியில் பெரும்பங்கு கார் இருக்கைக்குப் போகட்டும். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் திடீர் பிரேக்கில் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. வாங்கும் முன் மாமனாரின் காரைப் போய்ப் பாருங்கள். பழைய கார்களில் பின் சீட்டில் இடுப்புக்கு மட்டும் பெல்ட் இருக்கலாம், சிலவற்றில் பெல்ட்டே இருக்காது. கைக்குழந்தை இருக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பெல்ட் வேண்டும். அது இல்லையென்றால் பட்டறையில் பொருத்த முடியுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் இருக்கை வாங்குங்கள். இருக்கையில் ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐ.நா. தர முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்தபடி, பின் சீட்டில் வைக்க வேண்டும். ஆர்129 தரப்படி 15 மாதம் தாண்டும் வரை இப்படித்தான். யாராவது பழைய இருக்கை தந்தால், அது விபத்தில் சிக்கியதா, காலாவதித் தேதி தாண்டியதா என்று கேளுங்கள். பதில் தெரியாத இருக்கை வேண்டாம்.

மோட்டாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையை மோட்டாரில் பாதுகாப்பாகக் கொண்டுபோக ஒரு வழியும் கிடையாது. துணியில் நெஞ்சோடு கட்டினாலும் சரி, இருவருக்கு நடுவில் வைத்தாலும் சரி. ஊசிக்குப் போகும் நாள் முன்னாலேயே தெரிந்ததுதான். மாமனாரிடமோ பக்கத்து வீட்டிலோ அன்றைக்குக் காரைக் கேட்டு வையுங்கள்.

அடுத்து, தூக்கம். ஸ்பிரிங் தொட்டில் இல்லாத தோட்டத்து வீட்டை நான் பார்த்தது அபூர்வம். அதை உடனே கழற்றி எறியுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை என்றும் தெரியும். ஆனால் உண்மை இதுதான்: துணித் தொட்டிலில் பிள்ளையின் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் போய் இடிக்கிறது. இந்த வயதில் மூச்சுக்குழாய் மிகக் குறுகல், கழுத்தைத் தூக்கிச் சரிசெய்துகொள்ளும் பலமும் இல்லை. துணி முகத்தை மூடினாலும் அவளால் விலக்க முடியாது. ஆகவே ஆட்டித் தூங்க வையுங்கள், கண் செருகியதும் எடுத்துக் கெட்டியான சமதள மெத்தையில் மல்லாக்கப் போடுங்கள். தலையணை, இலவம்பஞ்சு அணைப்பு, கனத்த போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மேலே ஒரு மடக்குக் கொசுவலை போதும், அது அதிக விலையும் இல்லை. கொசுவத்திப் புகையை விட வலை எவ்வளவோ மேல். டெங்கி நம் ஊரில் சும்மா விடுகிற நோய் அல்ல.

தொட்டில் இருக்கும்வரை கொக்கி, ஸ்பிரிங், உத்தரம் மூன்றையும் வாரம் ஒருமுறை கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தரைக்குப் பக்கமாகத் தாழ்த்திக் கட்டுங்கள், வேகமாகக் குலுக்க வேண்டாம், மற்ற பிள்ளைகளை ஆட்ட விட வேண்டாம். அவள் புரள ஆரம்பித்த அன்றோடு தொட்டிலை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அது நாலைந்து மாதத்தில் வந்துவிடும்.

மிச்சக் காசில் தரைக்கு ஒரு தோத்தோ, அதாவது மடித்து வைக்கும் மெல்லிய மெத்தை, வாங்குங்கள். சிமெண்ட் தரையில் பாயை விரித்து அதன்மேல் போடலாம். இரவுச் சந்தையில் விற்கும் துண்டு துண்டாகக் கோக்கிற நுரைப் பாய் பார்க்க அழகுதான், ஆனால் பல் வந்த பிள்ளை ஓரத்தைக் கடித்துத் துப்பாமல் விழுங்கிவிடும். குளிக்க வீட்டில் இருக்கும் பேசினே போதும், தண்ணீரில் முழங்கையை வைத்துச் சூடு பாருங்கள்.

வாக்கர் வேண்டாம். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. நாத்தனார் பாசத்தோடு தருகிறார், அவருடைய மகன் அதில் உருண்டுதான் வளர்ந்திருப்பான், ஆனாலும் வேண்டாம். வாக்கரில் பிள்ளை நுனிக்காலால் தரையை உந்துகிறது. உடம்பு எடையைத் தாங்கவோ, தடுமாறிச் சமாளிக்கவோ அதில் பழகுவதில்லை. தன் காலையே பார்க்க முடியாது. சீக்கிரம் நடக்க வைக்கும் என்பது தவறான நம்பிக்கை, சிலருக்குத் தாமதமாகக்கூட ஆகலாம். அதைவிடப் பெரிய கவலை, கண் இமைக்கும் நேரத்தில் அது படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும். உங்கள் லயத்து வீட்டு வாசலில் எத்தனை படி, எவ்வளவு ஆழத்துக்கு வடிகால் கான் என்று நினைத்துப் பாருங்கள். கனடா 2004-இலேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நாத்தனாரிடம், "அண்ணி, கிளினிக்கில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள். மனம் நோகாது.

துணிகளைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுவிட்டு. அலமாரியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தாரா? நம் நாட்டில் பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதியின் குறைவு) இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பாச்சை உருண்டையின் நாற்றம்பட்ட துணிகூட ரத்த அணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் முடிவு எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். குறைபாடு இருந்தால் அந்தத் துணிகளே வேண்டாம். இல்லாவிட்டாலும் நன்றாகத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, வாடை முழுதும் போன பிறகே போடுங்கள்.

சரி, விளையாட்டுக்கு வருவோம்.

இப்போது அவளுக்கு முக்கியமான விளையாட்டு, விழித்திருக்கும்போது குப்புறக் கிடப்பது. கழுத்து, தோள், முதுகு எல்லாம் அதில்தான் பலப்படுகின்றன. பின்னால் புரளுவதற்கும் தவழ்வதற்கும் அதுதான் அடித்தளம். நகரத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு நாளில் மொத்தம் அரை மணி நேரமாவது இது வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. ஒரே மூச்சில் இல்லை, இரண்டு மூன்று நிமிடமாகப் பிரித்துச் செய்யுங்கள். பால் குடித்த உடனே வேண்டாம், டயப்பர் மாற்றிய பிறகு நல்ல நேரம். முதலில் அழுவாள். உங்கள் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டு முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், தலையைத் தூக்கப் பார்ப்பாள். ஒரு துண்டைச் சுருட்டி அவளுடைய அக்குளுக்குக் கீழே வைத்தால் இன்னும் சுலபம்.

மாமியாருக்குத் தரையில் உட்கார முடியாதது ஒரு தடையே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையைத் தொடையின் குறுக்கே குப்புறப் போட்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுக்கட்டும். இதுவும் கணக்கில் சேரும். நீங்கள் வீட்டில் இருக்கும் இந்த வாரங்களிலேயே இருவரும் சேர்ந்து பழகிவிடுங்கள்.

பிறந்த புதிதில் பிள்ளைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். மடியில் வைத்துப் பால் கொடுக்கும்போது உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. இருட்டும் வெளிச்சமும் பளிச்சென்று பிரியும் உருவங்களை அவளுக்குப் பிடிக்கும். வெள்ளைத் தாளில் கறுப்பு மார்க்கரால் ஒரு சிக்குக் கோலம் போட்டு, குப்புறக் கிடக்கும்போது எதிரே சாய்த்து வையுங்கள். நான் சொல்லிச் செய்தவர்களின் வீட்டில் பிள்ளைகள் அதை வெகுநேரம் பார்த்தபடி கிடந்ததைக் கண்டிருக்கிறேன். உடையாத சிறு கண்ணாடியும் நல்லது.

நாலைந்து மாதத்தில் கை நீட்டிப் பிடிப்பாள், பிடித்ததெல்லாம் வாய்க்குப் போகும். திட்டாதீர்கள், அவள் பொருளைத் தெரிந்துகொள்வது அப்படித்தான். மர அகப்பை, சின்ன எவர்சில்வர் டம்ளர், முடிச்சுப் போட்ட பருத்தித் துணி ஆகியவற்றைக் கழுவிக் கொடுங்கள். டாய்லெட் ரோலின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் ஒரு வயதுப் பிள்ளையின் தொண்டையை அடைக்கலாம். குழாயை வைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள். கழுத்தில் கறுப்புக் கயிறு, மணி கோத்த காப்பு இரண்டையும் தூங்கும் முன் கழற்றிவிடுங்கள். சந்தையில் வாங்கும் பாட்டுப் பாடும் பொம்மையில் பட்டன் பேட்டரி இருந்து, அதன் மூடி திருகாணி இல்லாமல் கையாலேயே திறந்தால், அந்தப் பொம்மையைக் கொடுக்காதீர்கள். விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

உட்காரத் தொடங்கியதும் ஒரு பிரம்புக் கூடையை அவள் முன்னால் வையுங்கள். அதில் சல்லடை, மரக்கரண்டி, ஓரம் வழவழப்பாகத் தேய்த்த சிரட்டை, ஒரு பட்டுத் துண்டு, பெரிய எலுமிச்சை. மைலோ டின் வேண்டாம், விளிம்பு கையைக் கிழிக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, தட்டி, நக்கி, எறிந்து அரை மணி நேரம் தன் வேலையில் மூழ்கியிருப்பாள். மாமியார் பக்கத்தில் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டால் போதும். சில நாளைக்கு ஒருமுறை இரண்டு சாமானை மாற்றினால் புதுக் கூடை ஆகிவிடும். எட்டு மாத வாக்கில் கரண்டியைத் துண்டுக்கு அடியில் ஒளித்துக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளும் அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்குப் புரிய ஆரம்பிக்கும் வயது அது. முந்தானையால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டுக்கு அப்போதுதான் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நம் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் கை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டும் சப்பாணி, ஒரு வயதை ஒட்டித் தளர்நடையிட்டு வரும் வாரானை. கிளினிக்கில் நாங்கள் குறித்துவைக்கும் வளர்ச்சிப் படிகளும் ஏறக்குறைய இதே வரிசைதான். கைவீசம்மா கைவீசு, சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து நண்டூருது நரியூருது எல்லாம் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். தொடுதல், பேச்சு, தாளம், எதிர்பார்ப்பு எல்லாம் அவற்றிலேயே இருக்கின்றன. அவரைவிட நல்ல ஆசிரியை உங்களுக்குக் கிடைக்க மாட்டார். பிள்ளையிடம் தமிழிலேயே நிறையப் பேசச் சொல்லுங்கள், அவள் 'ங்கா' என்றால் பதிலுக்கு 'ங்கா' என்று சொல்லச் சொல்லுங்கள். கைப்பேசியில் கார்ட்டூன் மட்டும் வேண்டாம். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஈப்போ அத்தையோடு முகம் பார்த்து வீடியோவில் பேசினால் தவறில்லை.

தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டு விஷயங்களை நான் விடாமல் சொல்வேன். ஒன்று தண்ணீர். தோம்பிலும் வாளியிலும் பிடித்து வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. வாளியில் சில அங்குலத் தண்ணீர் போதும், தலைகுப்புற விழுந்த பிள்ளையால் எழ முடியாது. மூடி வையுங்கள், இல்லையேல் கவிழ்த்து வையுங்கள். இன்னொன்று உங்கள் கணவரின் வேலை. பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020-இலேயே நாட்டில் தடை வந்துவிட்டது, ஆனாலும் இப்போது அடிக்கும் மருந்துகளும் பிள்ளையின் தோலில் படக் கூடாதவைதான். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸ் வெளியிலேயே இருக்கட்டும். குளித்து உடை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்கட்டும், வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். காலி மருந்துக் கலன் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வீட்டுக்கு வரக் கூடாது, தண்ணீர் பிடிக்கவும் கூடாது.

நடை எப்போது வரும் என்று அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள் எட்டு மாதத்திலும் நடந்திருக்கிறார்கள், பதினேழரை மாதத்திலும் நடந்திருக்கிறார்கள். சிலர் தவழாமலேயே நடந்துவிட்டார்கள். பலகையைப் பிடித்து நிற்க, மளிகைக் கடை அட்டைப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போக இடம் கொடுங்கள். வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்தில் முகத்தைக் கண்ணால் பின்தொடராவிட்டால், நாலு மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டால், ஒன்பது மாதத்தில் உட்காராவிட்டால் அல்லது 'பாபா', 'மாமா' போன்ற ஒலிகள் வராவிட்டால், சத்தத்துக்குத் திரும்பாவிட்டால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டால் உடனே கிளினிக்குக் கொண்டுபோங்கள். 9 மாதத்தில் எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) ஊசிக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். அன்றைக்கு மாமியாரையும் கூட்டிச் செல்லுங்கள். பகல் முழுக்க பிள்ளையைப் பார்க்கிறவர் அவர்தான், தாதி கேட்கும் கேள்விகளுக்கு அவரே நேராகப் பதில் சொல்லட்டும்.