வாசகர் கேள்வி – பதில்: கொலம்பஸுக்கு முன்னே கடல் கடந்தவர்கள்

கேள்வி: நாங்கள் அவித்துச் சாப்பிடும் வத்தாளைக் (சர்க்கரைவள்ளி) கிழங்குதான், கொலம்பஸுக்கு முன்பே மனிதர் அமெரிக்காவுக்குக் கடல்வழி போய்வந்ததற்குச் சாட்சி என்கிறார்களே, சரியா? – வாசகி, ஹட்டன்

பதில்: கிழங்கு மட்டும் போதாது. வத்தாளையின் தாயகம் அமெரிக்கா. ஆனால் ஐரோப்பியர் வருமுன்பே பசிபிக் தீவுக்காரர் அதைப் பயிரிட்டார்கள். நியூசிலாந்தின் பழங்குடியினரான மாவோரியர் அதற்கு வைத்த பெயர் 'குமரா'. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியிலும் இதையொத்த சொல் உண்டு. ஆயினும் விதை தானாகவே கடல் கடந்திருக்கலாம் என்று 2018இல் ஒரு மரபணு ஆய்வு வாதிட்டது. எனவே மனிதரின் மரபணுவைத்தான் கேட்கவேண்டும். பசிபிக்கிலுள்ள ஈஸ்டர் தீவில் வாழ்ந்த 15 பேரின் எலும்புகளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த முடிவின்படி, அவர்களின் மரபணுவில் ஏறத்தாழ பத்து வீதம் அமெரிக்கப் பழங்குடியினருடையது. கலப்பு நடந்தது 1250க்கும் 1430க்கும் இடையில்.

யார் யாரிடம் போனது? மரபணு அதைச் சொல்லாது. இரண்டு ஓடங்களைப் பிணைத்த வள்ளங்களில் பசிபிக்கையே அளந்த தீவுக்காரரான பொலினேசியர்தான் போயிருப்பார்கள் என்பது எமது எண்ணம். அங்கே வழக்கமாகக் காற்று கிழக்கிலிருந்து வீசும். அது தணிந்து மேற்கிலிருந்து காற்று வரும்போது கிழக்கே புறப்பட்டால், கரை அகப்படாவிட்டாலும் பழைய காற்றே வீட்டுக்குத் தள்ளிவிடும்.

கேள்வி: 1947இல் 'கொன்-டிக்கி' தெப்பம் பெருவிலிருந்து பசிபிக் தீவுக்குப் போனதே, அது போதாதா? – மாணவர், நுவரெலியா

பதில்: முடியும் என்று காட்டியது, நடந்தது என்று காட்டவில்லை. ஒன்பது பல்சா மரங்கள், ஆறு பேர், 101 நாள், சுமார் 6,900 கி.மீ. மரங்கள் உராய்ந்து கயிறு அறுந்துவிடும் என்று பலர் பயமுறுத்தினார்கள். பல்சா மென்மையானதால் கயிறு மரத்துக்குள்ளேயே புதைந்து தப்பியது. காய்ந்த பல்சா நீரை உறிஞ்சி அமிழும். பச்சை மரத்தின் சாறு அதைத் தாமதப்படுத்தியது. இன்னொன்று: தெப்பத்தைக் கரையிலிருந்து வெகுதூரம் இழுவைக் கப்பல்தான் கொண்டுபோய் விட்டது. தண்ணீருக்குக் கணக்குப் போடுங்கள்: ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லீற்றர் என்றாலும் 1,212 லீற்றர்.

கொன்-டிக்கி பயணத்தை நடத்திய நோர்வேக்காரர் தோர் ஹெயர்டால் 1969இல் கட்டிய பாப்பிரஸ் நாணல் படகு 'ரா', பின்முனை தாழ்ந்து கெட்டது. எகிப்திய ஓவியங்களில் அந்த முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு ஒன்று தெரியும். அதன் வேலை பிறகுதான் புரிந்தது. 1970இல் 'ரா 2' மொரோக்கோவின் சாபியிலிருந்து அத்திலாந்திக்கைக் கடந்து 57 நாளில் கரீபியன் தீவான பார்படோஸ் சேர்ந்தது.

கேள்வி: மத்திய அமெரிக்காவின் மாயர்கள் தமிழர்தான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? – வாசகர், தலவாக்கலை

பதில்: அதற்குச் சான்று இல்லை. நம் மாலுமிகளின் திறமையில் குறையில்லை. ஆனால் அது பருவக்காற்றுத் திறமை. தென்மேற்குக் காற்று உங்கள் கொழுந்து மலையை நனைக்கும் மாதங்களில் ஒரு திசை, அது திரும்பியதும் மறு திசை. நடுப் பசிபிக்கில் காற்று அப்படிப் பருவந்தவறாமல் திரும்பாது.

சான்று எப்படி இருக்கும் என்பதற்கு கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவிலுள்ள லான்ஸ் ஓ மெடோஸ் நல்ல உதாரணம். 1960இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடிகள்) குடியிருப்பில் இரும்பு உருக்கிய கசடும், உலோகக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகளும் கிடைத்தன. 993இல் வந்த ஒரு விண்கதிர் வீச்சு உலகெங்கும் மரவளையங்களில் தடயம் விட்டிருந்தது. அந்த வளையத்திலிருந்து பட்டைவரை எண்ணினார்கள்: 28. மரம் வெட்டப்பட்டது 1021இல்.