ஐரோப்பாவில் புராஜெக்ட்: எல்லை தாண்டும் முன் சில கேள்வி பதில்கள்

(சென்னை ஓஎம்ஆர் சாலை ஐடி கம்பெனிகளின் வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.)

சோழிங்கநல்லூர்: அண்ணா, எங்களுடையது சென்னைக் கம்பெனி. ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா) எடுத்தால் அங்கெல்லாம் வேலை செய்யலாமா?

முடியாது தம்பி. சேவைகளைத் தடையில்லாமல் வழங்கும் உரிமை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளமிட்ட 1957 ரோம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்து நிறுவனங்களுக்கும் குடிமக்களுக்கும்தான். ஷெங்கன் பிசினஸ் விசா மீட்டிங் போன்றவற்றுக்கு மட்டும். அதை வைத்து வேலை செய்யாதீர்கள்.

வேளச்சேரி: லோகோ வரைந்து பாரிஸுக்கு மெயிலில் அனுப்புகிறேன். விசா வேண்டுமா?

வேண்டாம், நீங்கள் இங்கேதானே உட்கார்ந்து வரைகிறீர்கள். ஜிஎஸ்டிக்கு ஆடிட்டரைக் கேளுங்கள்.

அம்பத்தூர் (இப்போது வார்சா): போலந்து கம்பெனியில் முறையான பர்மிட்டோடு இருக்கிறேன். ஜெர்மனி கிளையன்டிடம் 4 மாதம் போகச் சொல்கிறார்கள். அங்கேயும் ஒர்க் பர்மிட் வாங்கணுமா?

நல்ல கேள்வி. பிரஸ்ஸல்ஸில் கட்டடம் இடிக்கும் கம்பெனி ஒன்று, தன்னிடம் சட்டப்படி வேலை பார்த்த மொராக்கோ ஆட்களை பிரான்ஸின் ரெய்ம்ஸுக்கு ஒரு வேலைக்கு அனுப்பியது. பிரெஞ்சு ஒர்க் பர்மிட் இல்லை என்று அபராதம் போட்டார்கள். அது செல்லாது என்று 1994-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லை தாண்டுவது கம்பெனியின் சேவை, ஆள் அதோடு போகிறார், அவ்வளவுதான். வழக்கின் பெயர் வாண்டர் எல்ஸ்ட். ஜெர்மனி அந்தப் பெயரிலேயே ஒரு விசா கொடுக்கிறது. கிளம்பும் முன் அதை வாங்குங்கள். போலந்தில் பிஎஃப் மாதிரிப் பிடித்தம் தொடர்கிறது என்று காட்டும் ஏ1 சான்றையும் கையில் வையுங்கள்.

கிண்டி: அப்படியென்றால் போலந்து சம்பளத்திலேயே ஜெர்மனியில் வேலை வாங்கலாமே சார்? கம்பெனிக்கு லாபம்தானே?

கூடாது. ஆட்களை வேறு நாட்டுக்கு வேலைக்கு அனுப்புவது பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996 சட்டம், போகும் நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைக் கேட்டது. 2018 திருத்தம், உள்ளூர்ச் சட்டமும் அங்கே எல்லாருக்கும் பொருந்தும் கூட்டு ஒப்பந்தமும் சொல்லும் முழு ஊதியத்தையும் கேட்கிறது.

மறுபடி கிண்டி: படிக்காசு கொடுக்கிறோமே, அதையும் சம்பளத்தில் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடுமே?

இதில்தான் நம் பையன்கள் ஏமாறுகிறார்கள். ஒருவரின் பே ஸ்லிப்பை என் மேசையில் விரித்துப் பார்த்தேன். வீட்டு வாடகை, ரயில் டிக்கெட், சாப்பாடு எல்லாம் "ஊதியம்" என்ற ஒரே வரியில் இருந்தது. பயணம், தங்குமிடம், சாப்பாட்டுக்குத் திருப்பித் தரும் பணம் ஊதியமே அல்ல. எது ஊதியம், எது செலவு என்று பிரித்துக் காட்டாவிட்டால் படி முழுவதையும் செலவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதே திருத்தம். லாபம் என்று நீங்கள் சொல்வது அந்தப் பையனின் பணம் சார்.

தாம்பரம்: நர்ஸ் வேலைக்கு இது பொருந்துமா அண்ணா?

பொருந்தாதும்மா, அது படிப்பு அங்கீகாரம் சம்பந்தப்பட்டது. தூதரகத்தில் கேளுங்கள்.

பெருங்குடி: ஷெங்கன் விசா இருக்கிறது, ஜெர்மனியில் கோடிங்...

முதல் பதிலைப் படியுங்கள். பிசினஸ் விசாவில் வேலை செய்யாதீர்கள்.