வெளுத்த சில்வரும் உட்காராத கதவும்

வணக்கம் சார்,

மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் காரின் 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கதவுகள் மேல்நோக்கித் திறக்கும் கல்விங் மாடல். குறிப்புத் தாளில் உள்ள வரிசைப்படியே வந்து, போன ஞாயிறன்று பாடிக்கு ஸ்ப்ரே கேனில் சில்வர் அடித்தேன். வெளியே நல்ல மழை. கொஞ்ச நேரத்தில் கூரையும் பானட்டும் பால் பூத்தது போல வெளுத்துவிட்டன. மேலே இன்னொரு கோட் அடித்தேன், திட்டுத்திட்டாகிவிட்டது. காய்ந்த பிறகு கதவுகளை வைத்தால் இரண்டுமே உட்காரவில்லை. பெயின்ட்டுக்கு முன் சரியாக உட்கார்ந்தவைதான். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் என்சி தின்னரால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாமா? இன்ஜினுக்கு வயர் இழுக்கவும் ஆசை. எந்த அளவு வாங்குவது?

கே., செம்பூர்

அன்புள்ள கே.,

என்சி தின்னரை அந்தப் பாடியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். தின்னரில் உள்ள டொலுயீன், அசிட்டோன் போன்றவை பெயின்ட்டோடு சேர்த்து அதையும் கரைக்கும். கதவு விளிம்பும் சக்கரங்களுக்கு மேலே நீளும் அந்த அழகான மேடும் மழுங்கிவிட்டால் திரும்ப வராது. ஏர்பிரஷ் கழுவ அந்தத் தின்னர் போதும், அவ்வளவுதான்.

பெயின்ட்டை எடுக்க 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு லிட்டர் வாங்குங்கள். மும்பை பிரின்சஸ் ஸ்ட்ரீட் கெமிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நிஜக் காரின் நீளம் 4.52 மீட்டர், அதை 24-ஆல் வகுத்தால் 188 மி.மீ. ஆகவே 20 செ.மீ.க்குக் குறையாத, இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா வேண்டும். பாடி, பானட், கதவுகள் எல்லாம் முழுகும்படி ஓர் இரவு ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். மூலைகளில் மிச்சம் இருந்தால் இன்னொரு முறை. ஒரே மூச்சில் 24 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், மெல்லிய விண்ட்ஷீல்டு தூண்களில் விரிசல் விடலாம். கண்ணாடி பாகங்களை அதில் போடாதீர்கள். அடியில் பிரைமர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. இது எளிதில் தீப்பற்றும் திரவம், கேஸ் அடுப்பு இருக்கும் அறையில் இந்த வேலையே கூடாது.

வெளுத்ததை மட்டும் சரிசெய்ய வேண்டுமென்றால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் மெதுவாகத் தேய்த்து, வறண்ட நாளில் மறுபடி அடிக்கலாம். முழுசாக எடுக்கச் சொல்வது கதவுகளுக்காக. ஏற்கெனவே உட்காராத கதவின் மேல் இன்னும் இரண்டு கோட் ஏற்றினால் பிறகு அதைத் திருத்த வழியே கிடையாது.

கேனிலிருந்து பிரைமர், சில்வர், கிளியர் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) என்று மூன்றும் அடித்து முடிக்கும்போது ஒரு பரப்பில் சுமார் 0.1 மி.மீ. கனம் ஏறிவிடும். விளிம்பில் சற்றுக் குறையும். கதவின் விளிம்பிலும் பாடியின் விளிம்பிலும் சேர்த்து 0.15 மி.மீ. போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜக் காரில் கதவு இடைவெளி சுமார் 4 மி.மீ., அது 1/24-இல் 0.17 மி.மீ. அதாவது பெயின்ட்டுக்கு முன்னால் கதவு 'சரியாக' உட்கார்ந்தது என்றால், அப்போதே இடம் போதவில்லை என்று அர்த்தம். குறிப்புத் தாள் இதைச் சொல்லாது.

அளக்கத் தனிக் கருவி வேண்டாம். பிரிண்டரில் போடும் 80 ஜிஎஸ்எம் காகிதம் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். மூன்று துண்டுகளை ஒன்றாகப் பிடித்து, கதவைச் சுற்றி எல்லாப் பக்கமும் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாத இடத்தில், தட்டையான ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிய 600 நம்பர் பேப்பரால் கதவின் விளிம்பை மட்டும் இழையுங்கள். பாடியின் விளிம்பைத் தொட்டால் கூரைக் கோடு கோணிவிடும். கல்விங் கதவின் கீல் கூரையில் இருப்பதால் மேல் விளிம்பில் இடைவெளி குறைந்திருந்தால், மூடும்போது கீழ்ப்பக்கம் வெளியே துருத்தும். உங்கள் கதவுகள் துருத்துவது அடிப்பக்கத்தில் என்றாலும் மேலேயும் ஒருமுறை பாருங்கள். பாடியில் வெறும் கோடாக வார்க்கப்பட்டுள்ள இடங்களையும் கோடு கீறும் கருவியான ஸ்க்ரைபரால் இரண்டு மூன்று இழுப்பு ஆழப்படுத்துங்கள், இல்லாவிட்டால் கிளியர் அவற்றை நிரப்பிவிடும்.

இனி வெளுத்த விஷயம். கேனில் இருப்பது லாக்கர் வகைப் பெயின்ட். அதில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. கேனின் வாயுவும் அதோடு சேர்ந்து குளிர்விக்கிறது. அந்தக் குளிர்ச்சி பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே போனால் காற்றின் ஈரம் ஈரப் பெயின்ட்டின் மேல் படிந்து, உள்ளே இருக்கும் பிசினைத் திரித்துவிடுகிறது. மும்பையில் ஜூலை மாதம் 28 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை சுமார் 25 டிகிரி. மூன்று டிகிரி குளிர்ந்தாலே வெளுக்கும். ஜனவரி மதியத்தில் 30 டிகிரி, 40 சதவீதம் என்றால் பனிநிலை 15 டிகிரி. அதே கேன், அதே கை, வெளுக்காது.

அதனால் இந்த ஊரில் இந்தப் பருவத்தில் குறிப்புத் தாளின் வரிசையை மாற்றிக்கொள்வதுதான் என் உறுதியான யோசனை. இப்போது பெயின்ட்டை எடுத்து, இடைவெளிகளைச் செதுக்கி, பாடியில் வார்ப்பு அச்சு விட்டுப்போன கோடுகளைத் தேய்த்து முடியுங்கள். ஒட்டிய மூட்டுகள் இருந்தால் ஒரு வாரம் விட்டுவிட்டுத் தேய்க்க வேண்டும். பசை உள்ளே இன்னும் இளகியிருக்கும்போது தேய்த்தால், பெயின்ட் அடித்துச் சில வாரங்கள் கழித்து அந்த இடம் பள்ளமாகத் தெரியும். செப்டம்பர் வரை இன்ஜின், சட்டகம், உட்புறம் எல்லாம் தண்ணீர் சேர்த்த அக்ரிலிக்கில் முடித்துவிடலாம், அது இப்படி வெளுக்காது. அக்டோபரின் புழுக்கமும் போகட்டும். நவம்பரில் ஈரப்பதம் அளக்கும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் 60 சதவீதத்துக்குக் கீழே காட்டும் மதியத்தில் பாடியை எடுங்கள்.

ஏசி அறையில் அடிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். காற்று வறண்டிருக்கும், உண்மை. ஆனால் ஸ்பிளிட் ஏசி அதே காற்றைத்தான் சுற்றவிடுகிறது, லாக்கர் ஆவி வெளியேறாது. எக்ஸாஸ்ட் வைத்தால் ஜன்னல் இடுக்கு வழியாக ஈரக்காற்று உள்ளே வரும். குடும்பம் தூங்கும் அறையில் இதைச் செய்யவே வேண்டாம். எங்கே அடித்தாலும் கரைப்பான் ஆவியை வடிகட்டும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது.

சில்வரை அடிக்கும் முறைக்கு வருவோம், இந்தக் காருக்கு அதுதான் உயிர். பிரைமரை 2000 நம்பரில் ஈரத்தோடு தேய்த்துவிடுங்கள். சில்வர் கீறலை மறைக்காது, எடுத்துக் காட்டும். கதவுகளையும் பானட்டையும் உள்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பாடியிலேயே பொருத்தி, ஒரே அமர்வில் அடியுங்கள். தனித்தனியாகப் படுக்க வைத்து அடித்தால் உலோகத் துகள்கள் வேறு கோணத்தில் படியும். பின்னால் மாட்டும்போது கதவு ஒரு சாயல், பாடி வேறு சாயல் என்று தெரியும். கேனை 40 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள், அதற்கு மேல் சூடு ஆபத்து. 20 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிய கோட்டுகள், நடுவில் பத்து நிமிடம். ஈரமாக வழியவிட்டால் துகள்கள் நீந்தித் திட்டாகும். உங்கள் இரண்டாவது கோட்டில் நடந்தது இதுதான். சில்வரின் கடைசிக் கோட்டை ஒருபோதும் நேரடியாகத் தேய்க்கக்கூடாது. ஏர்பிரஷ் இருந்தால் 0.3 மி.மீ. நாஸில், 15 முதல் 18 பிஎஸ்ஐ, ஒரு பங்கு பெயின்ட்டுக்கு இரண்டு பங்கு லெவலிங் தின்னர். அதில் உள்ள ரிடார்டர் ஆவியாவதைத் தாமதப்படுத்துவதால் வெளுக்கும் அபாயமும் குறையும்.

கிளியரின் முதல் இரண்டு கோட்டும் தூவலாக இருக்கட்டும். அதற்கு முன் கதவுகளைக் கழற்றி விளிம்புகளை மாஸ்க் செய்துவிட்டால் கொஞ்சம் கனம் மிச்சமாகும். ஒரு வாரம் காயவிட்டுப் பிறகு பாலிஷ். மெர்சிடிஸின் டிபி 180 சில்வர் கிரே இந்தக் காரில் அதிகம் பார்க்கப்பட்ட நிறம், கண்ணைப் பறிக்கும் குரோம் போன்ற சில்வர் அதற்குப் பொருந்தாது. நுண்ணிய துகள் உள்ள, சற்றே சாம்பல் சாய்ந்த சில்வராகத் தேர்ந்தெடுங்கள்.

இன்ஜின் வயர். 1954-இல் வந்த இந்தக் காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினை, பானட் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக 50 டிகிரி சாய்த்து வைத்தார்கள். நேரடி எரிபொருள் ஊசிகள் சிலிண்டர் பிளாக்கின் பக்கத்தில் இறங்கும், ஸ்பார்க் பிளக்குகள் ஹெட்டில் இருக்கும். ஆகவே வயர்கள் இரண்டு கூட்டமாகப் போக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குகளுக்கு ஆறு, காயிலுக்கு ஒன்று, இவை 0.3 மி.மீ. கறுப்பு. நிஜத்தில் 7 மி.மீ. இருப்பது இந்த அளவில் அவ்வளவுதான் வரும். ஊசிப் பம்பிலிருந்து போகும் ஆறும் உலோகக் குழாய்கள், அவற்றுக்கு 0.2 மி.மீ. செம்புக் கம்பியைச் சில்வர் பூசிப் பயன்படுத்துங்கள். லேமிங்டன் ரோட்டில் எனாமல் கம்பி சுருளாகக் கிடைக்கும். 0.35 மி.மீ. டிரில்லை பின் வைஸ் என்னும் சின்னக் கைப்பிடியில் மாட்டிக் கையால் துளையிடுங்கள், மோட்டார் டிரில் சூட்டில் பிளாஸ்டிக்கை உருக்கும்.

இவற்றை ஒட்ட சூப்பர் க்ளூ சரி, குண்டூசி முனையளவு போதும். ஈரப்பதத்தால்தான் அது இறுகும் என்பதால் மழைக்காலத்தில் உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் ஆவி கண்ணாடி பாகங்களில் வெள்ளைப் படலமாகப் படியும். ஆகவே வயர் வேலை முழுவதும் முடிந்து ஒரு நாள் காற்றாடவிட்ட பிறகே விண்ட்ஷீல்டைப் பொருத்துங்கள். அதற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும்.