பூனைக்குட்டியைக் குறிக்கும் கிட்டன் (kitten) என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய 'குட்டி'யிலிருந்து போனதா?

இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எனக்கும் அது நாலைந்து முறை வந்துவிட்டது. கிட்டி, குட்டி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பார்த்தால் யாருக்கும் சபலம் தட்டத்தான் செய்யும். ஆனால் கிட்டன் வந்த வழி வேறு. பிற்கால லத்தீனில் பூனைக்கு 'கட்டுஸ்' என்று பெயர். பிரெஞ்சில் அதன் முதல் ஒலி திரிந்து இன்றைக்கு 'ஷா' என்று நிற்கிறது, வடக்கே நார்மண்டிப் பக்கம் மட்டும் க ஒலி மாறவில்லை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது அவர்களுடைய பேச்சும் கூடவே போனது, பூனையைச் சிறிதாக்கிச் சொல்லும் 'கிட்டூன்' மாதிரியான வடிவம் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் தலைகாட்டி, அப்புறம் கிட்டன் ஆகிவிட்டது. கிட்டி அதற்குப் பிற்பாடு வந்த செல்லப் பெயர்.

ஆக, அந்தச் சொல்லுக்குள்ளேயே பூனை இருக்கிறது. நம் குட்டிக்குள் பூனை கிடையாது, சின்னது என்பது மட்டும்தான். குட்டை, குட்டன் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். மலையாளத்தில் மனிதக் குழந்தையே குட்டிதான், நம் ஊரில் வட்டிகூடக் குட்டி போடுகிறது.

சரி, பூனைக்குட்டிக்கென்று தமிழில் தனியாக ஒன்றுமே இல்லையா என்று அடுத்து கேட்பீர்கள். தொல்காப்பியத்தின் மரபியலைப் பிரித்தால் முதல் நூற்பாவிலேயே பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது இளமைப் பெயர்கள் வரிசையாக நிற்கும். எந்த விலங்குக்கு எது என்று பிறகு பங்கு பிரிக்கிறார். 'மூங்கா வெருகு எலி மூவரி அணிலொடு ஆங்கவை நான்கும் குட்டிக் குரிய' என்பது நமக்கு வேண்டிய இடம். மூங்கா கீரி, வெருகு காட்டுப்பூனை. பூனையையும் எலியையும் ஒரே வரியில் உட்கார வைத்த துணிச்சலை நான் மிகவும் ரசிப்பேன். இந்த நான்கையும் பறழ் என்று சொன்னாலும் தப்பில்லை என்று அடுத்த நூற்பா சொல்கிறது. அதாவது நாம் இன்று சொல்லும் குட்டி ஏதோ பொதுச்சொல்லை அவசரத்துக்கு ஒட்டவைத்தது இல்லை, இலக்கணத்திலேயே பூனைக்கு ஒதுக்கியதுதான்.

பிள்ளை என்றும் சொல்லியிருக்கிறார்கள். குறுந்தொகை 107ஆம் பாட்டில், விடியலில் கூவித் தன்னை எழுப்பிவிட்ட சேவல்மேல் தலைவிக்குக் கோபம். நள்ளிரவில் வீட்டு எலிக்காகக் காத்திருக்கும் 'பிள்ளை வெருகிற்கு' நீ கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தின்னும் இரையாகிப் போ என்று சாபம் விடுகிறாள். ஒரே வாயில் முடித்துவிடும் பெரிய பூனையிடம் அனுப்பவில்லை, கவனியுங்கள். என்ன ஒரு கோபம்!

அந்த வெருகு நம் பேச்சிலிருந்து போய்விட்டாலும் கன்னடத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவர்களுடைய பெக்கு இதே சொல்தான், அதன் குட்டி 'பெக்கின மரி'. நாம் ஆட்டுக்கும் மானுக்கும் வைத்திருந்த மறியை அவர்கள் பூனைக்கும் கொடுத்துவிட்டார்கள். தெலுங்கில் 'பில்லி பில்ல', அந்தப் பில்ல நம் பிள்ளை.

வடமொழியில் கிசோரம். முதலில் குதிரைக்குட்டியைக் குறித்த சொல், பிறகு மற்றக் குட்டிகளுக்கும் வந்தது. வைணவத்தில் தென்கலையார் சொல்லும் மார்ஜார கிசோர நியாயத்தில் வருவது இதுதான்: பூனைக்குட்டி தானாக எதையும் பிடித்துக்கொள்வதில்லை, தாய் கவ்விக்கொண்டு போகும், பக்தனும் அப்படியே கிடந்தால் போதும் என்பார்கள். வடகலையார் அதற்குப் பதிலாகத் தாயை இறுக்கிப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள். கிஷோர் என்று பெயர் உள்ள நண்பர்களிடம் இந்தக் குதிரைக்குட்டி விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள், நேரம் நன்றாகப் போகும்.

தாய் கவ்விக்கொண்டு போவதை எங்கள் வீட்டுப் பரணில் நேராகவே பார்த்தேன். மூன்று குட்டிகள். 'ஏழு இடம் மாற்றும்டா, நீ கிட்டே போகாதே' என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார், நான் போனேன், மறுநாள் காலையில் அட்டைப்பெட்டி காலி. அன்று முழுக்க நான்தான் குட்டி போட்ட பூனை மாதிரி மாடிக்கும் கீழுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் இருந்து சத்தம் வந்தது.