ஏலவிலையும் மேளக்கூலியும்

ஐயா,

என் மகன் எட்டு வருடங்களாகத் தவில் பழகுகிறான். பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் பந்தும் வீசுகிறான். கனடாவிலிருக்கும் என் தம்பி, "தவிலை விடச் சொல்லுங்கள், கிரிக்கெட் வீரர் வியாஸ்காந்தைப் பாருங்கள்" என்கிறான். திறமைக்குத் தக்க ஊதியம் என்பதுதானே உலக வழக்கம்? தவிலுக்குக் காசு குறைவு என்றால், அதற்கு வேண்டிய திறமையும் குறைவுதானே?

ஒரு தந்தை, இணுவில்

அன்புள்ள நண்பருக்கு,

இணுவிலில் இருந்துகொண்டு இப்படிக் கேட்டுவிட்டீர்களே! தவில் என்றதும் தமிழ்நாடே திரும்பிப் பார்த்த தட்சிணாமூர்த்தி நடமாடிய மண்ணல்லவா அது.

வியாஸ்காந்தின் வளர்ச்சியில் எனக்கும் பெருமைதான். யாழ் மத்திய கல்லூரிப் பிள்ளை 2024இல் ஐபிஎல் ஆடியதை எழுந்து நின்று பார்த்தேன். ஆனால் அவர் எந்த இடத்துக்குப் போனார் என்று பாருங்கள். காயம்பட்ட இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஹசரங்கவின் இடத்துக்கு, 50 லட்சம் இந்திய ரூபாய்க்கு. அந்த ஹசரங்கவை 2022 ஏலத்தில் பெங்களூர் அணி 10.75 கோடிக்கு எடுத்தது. 2024 பருவத்துக்கான ஏலத்தில் ஹைதராபாத் அணிக்கு அவர் 1.5 கோடிக்கே கிடைத்தார். அதே விரல், அதே கூக்ளி. இரண்டு வருடத்தில் திறமை ஏழில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டதா? அணிகளின் தேவையும் கையிருப்பும் மாறின, விலையும் மாறியது.

அந்தக் கோடிகள் வரும் வழி வேறு. 2023 முதல் 2027 வரையான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. வீசும் ஒரு பந்தைக் கோடிப் பேர் பார்க்கிறார்கள், இடையிடையே விளம்பரம் ஓடுகிறது. தவிற்காரரின் உழைப்போ அந்த வீதியோடு, அந்த இரவோடு முடிகிறது. மறுநாள் திருவிழாவுக்கு மறுபடியும் அவரேதான் தோளில் சுமந்து நின்று வாசிக்க வேண்டும்.

எனக்குக் கோபம் கிரிக்கெட்டின் மீதில்லை, நம் மீதுதான். போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாலி கட்டியாயிற்று. தவிற்காரர் மண்டபத்தின் பின்பக்கம் அமர்ந்து, வலக்கை விரல்களிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பெண்வீட்டுப் பெரியவர் வந்து, "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கல்யாணத்துக்கும் உங்களைத்தான் கூப்பிடுவோம்" என்றார். மணவறைக்காரரிடமும் வீடியோக்காரரிடமும் கேட்ட தொகையை எண்ணிக் கொடுத்த அதே கை! தவிற்காரர் ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடினார். ஒரு திருவிழாவை நம்பி அடுத்ததுவரை நாள் கடத்துகிறவர் வேறென்ன செய்வார்? பக்கத்தில் நின்றும் நான் வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

மகன் இரண்டையும் பழகட்டும். பிழைப்புக்குக் கையில் ஒரு தொழிலும் இருக்கட்டும், அதை மறைத்து உங்களுக்கு நல்வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் காசைக் காட்டி அவன் தவிலைக் குறைவாக மட்டும் பேசாதீர்கள், எட்டு வருடமாக அவன் விரல் காய்த்திருக்கிறது. உங்கள் கோயில் திருவிழாவில் அவன் முதல் வாசிப்பு எப்போதென்று எழுதுங்கள், வருகிறேன்.