ப்ளூபெர்ரி, கிரான்பெர்ரி, நம் வண்டல் மண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணம் வாசகி: ப்ளூபெர்ரியின் மேல் வெண்பொடி போல ஒரு பூச்சு இருக்கிறது. கழுவினாலும் முழுதாகப் போகவில்லை. மருந்து அடித்திருப்பார்களோ?

அஞ்ச வேண்டாம், அம்மா. அது பழமே தன் தோலின் மேல் படரவிட்டுக்கொள்ளும் மெழுகு. திராட்சையிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பழத்தை விரலால் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளவெனக் கருநீலமாகும். பூச்சு கலையாமல் இருந்தால் அதிகம் கைபடாத பழம் என்று கொள்ளலாம். உண்ணும் வேளையில் மட்டும் கழுவுங்கள். ஈரத்தோடு எடுத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். குறுக்கே அறுத்தால் சதை வெளிறியிருக்கும், நீலம் தோலில் மட்டுமே. இதன் உறவான ஐரோப்பிய பில்பெர்ரிக்குச் சதையும் கருஞ்சிவப்பு என்பதால், நாவற்பழம் தின்றதுபோல் நாக்கில் சாயம் ஏறிவிடும்.

திருவையாறு விவசாயி: பெரு நாட்டில் வெயிலிலேயே ப்ளூபெர்ரி விளைகிறது என்று சொல்லி, ஒருவர் கன்று விற்க வந்தார். பொன் விளையும் நம் நன்செயில் ஏன் விளையாது?

நம் மண் வளமானது என்பதுதான் இங்கே தடை, ஐயா. எரிக்கேசி என்னும் இந்தத் தாவரக் குடும்பம் சத்துக் குறைந்த அமில மண்ணில் பிழைக்கப் பழகியது. ப்ளூபெர்ரி கேட்கும் அமில காரநிலை (pH; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 முதல் 5.5 வரை, நம் வண்டலில் அது பெரும்பாலும் ஏழைத் தாண்டி, சில இடங்களில் எட்டையும் தொடுகிறது. இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு வேறுபாடு. எட்டுக்கும் ஐந்துக்கும் இடையே ஆயிரம் மடங்கு. கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் அதை எடுக்க முடியாது. ப்ளூபெர்ரியின் வேரில் சத்தை உறிஞ்சும் தூவிகளே இல்லை. மயிரிழை போன்ற அந்த வேர்கள், உடன் வாழும் ஒருவகைப் பூஞ்சையின் துணையோடுதான் உணவு தேடுகின்றன.

மலையிலிருந்து இரண்டு கன்றுகள் கொண்டுவந்து, தொழு உரம் இட்டு நானே வளர்த்துப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. பிறகு இலையோரம் கருகி இரண்டும் பட்டுப்போயின. அமெரிக்காவிலேயே, இச்செடிக்கு அமில மண் வேண்டும் என்பது 1910 வாக்கில்தான் சோதனைகளால் உறுதிப்பட்டது. அதன்பின் நியூ ஜெர்சியில் எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணி காட்டுப் புதர்களில் பெரும்பழம் காய்ப்பவற்றைத் தேடித் திரட்ட, 1916 இல் முதல் வணிக அறுவடை சந்தைக்கு வந்தது.

பெருவின் கதை மெய்தான். ஆனால் குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் அந்தக் கரையோரம் நம் ஊர் போல் கொதிப்பதில்லை. பூத்துக் காய்க்கக் குளிர்காலக் குளிர் மிகக் குறைவாகவே தேவைப்படும் பிலாக்சி போன்ற இரகங்களை வைத்து, நீரின் அமிலத்தையும் அளந்து சொட்டுநீரில் விடுகிறார்கள். தஞ்சையின் மார்கழி இரவே இருபது டிகிரியை ஒட்டி நிற்கும்போது, ஒரு குழி நிலத்தைக்கூட இதற்கு ஒதுக்க நான் சொல்ல மாட்டேன்.

மன்னார்குடி மாணவர்: கிரான்பெர்ரி நெல் போலத் தண்ணீரில் விளைகிறதா? செம்பழம் மிதக்கும் படம் பார்த்தேன்.

விளைவது தண்ணீரில் அன்று, தம்பி. அது மணலும் கரிமப் பொருளும் கலந்த ஈர நிலத்தில் படரும் கொடி. நாம் அறுவடைக்கு முன் வயலை வடிக்கிறோம்; அவர்கள் அறுவடைக்கென்றே தண்ணீர் கட்டுகிறார்கள். ஒரு காயை நறுக்கினால் உள்ளே நான்கு காற்றறைகள் தெரியும். கருவியால் நீரைக் கலக்கியதும் காய்கள் கொடியைவிட்டுக் கழன்று மிதக்க, ஓரிடத்தில் திரட்டி வாரிவிடலாம். அப்படி எடுத்தவை சாற்றுக்கும் உலர்பழத்துக்கும் போகும். பச்சையாக விற்பதற்குக் காய்ந்த நிலத்திலேயே பறிப்பார்கள். அமெரிக்காவின் கேப் காட் கடலோரப் பகுதியில் 1816 இல் ஹென்றி ஹால் என்பவர், காற்று கொண்டுவந்து கொட்டிய மணலுக்கு அடியிலிருந்து கொடிகள் செழித்து வருவதைக் கவனித்தார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மணல் பரப்பும் வழக்கம் அங்கிருந்து வந்தது.

மயிலாடுதுறை வாசகி: மொட்டை மாடித் தொட்டியில் ஒரே ஒரு ப்ளூபெர்ரி? ஆசையாக இருக்கிறது.

ஆசைக்கு வையுங்கள், பழத்துக்கு வேண்டாம். தோட்ட மண் கலக்காமல், அமிலத்தன்மையுள்ள பீட் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) கலவையை நிரப்பி, சேமித்த மழைநீரையே ஊற்ற வேண்டும். பாத்திரத்தில் வெண்படிவு விடும் ஆழ்துளைத் தண்ணீர் சில வாரங்களில் அமிலத்தை முறித்துவிடும். சாம்பலும் முட்டை ஓடும் தொட்டிப் பக்கமே போகக் கூடாது. பூத்தாலும், மகரந்தம் நுண்துளை வழியாகத்தான் உதிரும். நம் கத்தரிப் பூவில் அமர்ந்து ரீங்காரமிட்டு உலுக்குகிறதே பெரிய கருவண்டு, அதுபோன்று அதிர்வு தரும் பூச்சி வந்தால் நல்லது.

நாகப்பட்டினம் வாசகர்: 'கார்டன் ஹக்கிள்பெர்ரி' என்று வாங்கிய விதை முளைத்து மணத்தக்காளி போலவே நிற்கிறது.

அது மணத்தக்காளியின் உறவேதான், ஐயா, கத்தரிக் குடும்பம். உண்மையான ஹக்கிள்பெர்ரி வட அமெரிக்கப் புதர். காய் பச்சையாக இருக்கும்போது உண்ணாதீர்கள். நன்றாகக் கறுத்துக் கனிந்ததைச் சமைத்தே சாப்பிடுங்கள்.

பாபநாசம் வாசகர்: அம்மாவுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று. கிரான்பெர்ரிச் சாறு போதுமா?

போதாது. கிருமி சிறுநீர்ப் பாதையில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. திரும்பத் திரும்ப வருவதை அது ஓரளவு குறைக்கலாம். வந்துவிட்ட தொற்றை ஆற்றாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம்.

தஞ்சாவூர் வாசகர்: நம் மாநிலத்தில் ப்ளூபெர்ரியின் எரிக்கேசி குடும்பமே கிடையாதா?

உண்டு. நீலகிரிச் சோலைகளில் ப்ளூபெர்ரியின் நேர் உறவான வாக்சினியம் மரங்கள் சிறு கனிகளோடு நிற்கின்றன. அங்கேயே செக்கச்செவேலெனப் பூக்கும் காட்டுப்பூவரசும் இக்குடும்பம்தான். நம் வாய்க்கால் கரைப் பூவரசுக்கும் அதற்கும் பெயரில் மட்டுமே உறவு. காட்டுப்பூவரசின் இனத்துச் செடிகள் பலவற்றின் இலையிலும் தேனிலும் நஞ்சு உண்டு. ஆகவே உதகைக்குப் போகும்போது, குடும்பப் பெயரை நம்பி எதையும் பறித்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.