கிராபிக்ஸ் காட்சிகள் ஏன் போலியாகத் தெரிகின்றன?

1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ இன்றும் நம்பும்படி இருக்க, கணினிகள் பன்மடங்கு வலுப்பெற்ற பின் வரும் படங்களில் கிராபிக்ஸ் ஏன் பொம்மைத்தனமாகத் தெரிகிறது என்பது கேள்வி.

குறை பெரும்பாலும் கணினியில் இல்லை, அதைப் பயன்படுத்தும் முறையில்தான் இருக்கிறது. அந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் தோன்றுவதே ஏறத்தாழ 15 நிமிடங்கள்தாம். அதில் பாதிக்கு மேல் ஸ்டான் வின்ஸ்டன் குழுவினர் செய்த இயந்திர உருவங்கள். டைரனோசரஸ் வேலியை உடைத்து வரும் காட்சி இரவிலும் மழையிலும் நிகழ்வதால், இருட்டு பல குறைகளை மறைத்துவிடுகிறது. நடிகர்களுக்கும் எதிரே உண்மையாகவே ஓர் உருவம் நின்றது.

நம் கண் முதலில் பிடிப்பது எடையைத்தான். பத்து டன் மிருகம் சேற்றில் கால் வைத்தால் சேறு பிதுங்க வேண்டும், தொடைத்தசை ஒரு கணம் தாமதித்துக் குலுங்க வேண்டும், பாதத்தின் அடியில் நிழல் கறுத்து ஒட்டியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் காரணம் புரியாமலே நாம் நம்ப மறுக்கிறோம். அடுத்தது ஒளி. பச்சைத் திரைமுன் சீரான வெளிச்சத்தில் எடுத்த முகத்தை, பின்னர் வரைந்த அந்திவானத்தின்முன் ஒட்டினால், மூக்கின் நிழலே காட்டிக்கொடுத்துவிடும்.

கணினிக்குள் மட்டுமே இருக்கும், எங்கும் பறக்கக்கூடிய கற்பனைக் கேமராவும் (இது என் தனிப்பட்ட எரிச்சல்) இடத்தின் மெய்ம்மையைக் குலைக்கிறது. போதாக்குறைக்கு, எதையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று படப்பிடிப்பில் தள்ளிப்போட்ட முடிவுகள் எல்லாம், வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது கிராபிக்ஸ் கலைஞர்களின் தலையில் விழுகின்றன. அதே கலைஞர்கள் நடிகர்களைத் தூக்கிப்பிடிக்கும் கம்பிகளைத் திரையிலிருந்து அழித்தும் கூட்டத்தைப் பெருக்கியும் செய்யும் வேலையை நாம் கவனிப்பதேயில்லை.